சங்கு ஊதியதும் காத்திருந்த பிள்ளை

சென்ற மாதம் அரியலூரில், குழந்தைகள் இல்லங்களுக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, ஒரு சால்வையைப் போர்த்தி, பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளைக்குச் சோறுகூட ஊட்டி முடிக்க முடியாது. பால் புட்டியை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, பல் முளைக்கிற பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று ஏதோ சொல்லிவிட்டு உட்காரப் போனேன். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அம்மா, இப்பல்லாம் இல்லமே கூடாது, முடிஞ்ச வரைக்கும் பிள்ளைய குடும்பத்தோடயே சேர்த்துடணும்னு சொல்றாங்க. அப்ப நீங்கல்லாம் இத்தனை வருஷம் செஞ்சது தப்புங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் முன்கோபக்காரி, வயசாகியும் அது போகவில்லை. "அத எங்க ஹலீமா மேடத்தத்தான் கேக்கணும்" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி என்று தோன்றியது. பதிலும் என்னிடம் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் அடங்காத பதில் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் இல்லம் பெரம்பலூரில், அரியலூர் சாலையில் இருந்தது. ஒரு அறக்கட்டளை நடத்தியது. பெற்றோர் இல்லாத, அல்லது யாரோ எங்கோ விட்டுப்போன சின்னஞ்சிறு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். நான் அரியலூர் பக்கத்துக் கிராமத்தவள். கணவர் போன பிறகு பிழைப்புக்காக ஆயா வேலைக்கு வந்தேன். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஒரே வாரத்தில் அது இறங்கிவிட்டது. நம் பிள்ளை நம்மைப் பார்த்து அழும். அங்கே இருந்த சில பிள்ளைகள் யாரைப் பார்த்தும் அழவில்லை. அழுது பயனில்லை என்று கண்டுகொண்ட பிள்ளையை மறுபடி அழ வைப்பதுதான் முதல் வேலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கண்காணிப்பாளர் ஹலீமா மேடம்.

அவருக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். மேடம் ஆசிரியர் பயிற்சி படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இங்கே வந்தவர். உயரமான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தால் திட்ட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று அந்த வேலையைத் தானே செய்துவிட்டுப் போவார். அதற்குப் பதிலாக நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். மற்ற இடங்களில் வந்தவுடன் குளிப்பாட்டி, மொட்டையடித்து, போட்டிருந்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டு இல்லத்துத் துணியை மாட்டிவிடுவார்கள். எங்கள் இல்லத்தில் முதலில் சோறு. கேள்வி கேட்கக் கூடாது. அன்றைக்குக் குளியலும் கிடையாது. "அது மேல இருக்கறது அழுக்கு மட்டுமில்ல செல்வி, அதோட வூட்டு வாசமும் இருக்கு. ஒரு நா இருக்கட்டும்" என்பார் என்னிடம். இடுப்புக் கயிறோ, காப்போ, தாயத்தோ எதையும் அறுக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரே ஆயாதான் சோறு ஊட்ட வேண்டும். "உன் அம்மா உன்ன விட்டுட்டுப் போயிட்டா" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக் கூடாது. இதில் எதை மீறினாலும் மேடத்துக்குத் தெரிந்துவிடும். யார் சொன்னார்கள் என்று கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார்.

நன்கொடை கொடுப்பவர்களிடமும் அவருக்கு இதே நிதானம்தான். எங்கள் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருப்பதால் லாரி வைத்திருப்பவர்கள் அதிகம். அதில் ஒருவர், தன் பிறந்த நாளுக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் ஃபிளெக்ஸ், கேக், போட்டோ எடுக்க ஒரு ஆள் என்று ஒரு படையோடு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"என்னம்மா, அதுக்குள்ள சாப்பிட்டாச்சா? நான் கேக் வெட்டி, பசங்க ஒரு பாட்டுப் பாடி, அப்பறம் பந்தி வெக்கலாம்னுல்ல இருந்தேன்."

"பசிக்கிற வயித்துக்கு உங்க பொறந்த நாள் தெரியாதுங்களே சார்" என்றார் மேடம், சிரித்துக்கொண்டே.

"போட்டோவாவது..."

"பிள்ளைங்கள போட்டோ எடுக்கக் கூடாதுங்க, சட்டம். அந்தத் தம்பியையும் உக்காரச் சொல்லுங்க. சாயங்காலத்துக்கு முட்டை வெந்திருக்கு. ரெண்டு பேருமா உரிச்சுக் குடுத்தா எங்க ஆயாங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்."

நான் உள்ளே நின்று, இன்றோடு இந்த ஆள் வரவு முடிந்தது என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முட்டை உரித்தார். ஒரு பொடியன் அவர் மடியில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டான். அடுத்த மாதம் ஃபிளெக்ஸ் இல்லாமல் வந்து, "முட்டை உரிக்க வரலாங்களா?" என்று கேட்டார். அதன்பிறகு வந்துகொண்டே இருந்தார். மனுஷனை அவமானப்படுத்தாமல் திருத்துவது ஒரு கலை. எனக்கு அது கடைசி வரை வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த பிள்ளைக்கு வருகிறேன்.

பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் தனியாக நின்றது என்று போலீஸ்காரர்கள் ஒரு பெண் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நாலு, நாலரை வயது இருக்கும். செம்பட்டை முடி, காலில் வெள்ளை வெள்ளையாகப் புழுதி. தமிழில் கேட்டோம், தெரிந்த இந்தியில் கேட்டோம், வாயே திறக்கவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். சோறு போட்டால் சாப்பிட்டது, படு என்று சைகை காட்டினால் படுத்தது. பேச்சு மட்டும் இல்லை.

குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜர்படுத்தி, முறைப்படி எங்களிடம் ஒப்படைத்தார்கள். காகிதத்தில் பெயர் வேண்டும் என்பதால் குழு ஏதோ ஒரு பெயரைப் போட்டுக்கொண்டது. இல்லத்துக்குள் அந்தப் பெயரால் கூப்பிட மேடம் விடவில்லை. "அதுக்குன்னு ஒரு பேரு இருக்கு. நமக்குத் தெரியாதது நம்ம கோளாறு. அது வரைக்கும் பாப்பான்னே கூப்பிடுங்க." அப்படியே பாப்பா ஆனாள். ஊட்டுகிற ஆயா நான்தான்.

படத்தோடு பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. உரிமை கேட்டு யாரும் வரவில்லை. அப்படியே மாதங்கள் போனால், இந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்கும். அறிவித்துவிட்டால் எந்த ஊருக்கும் போகலாம், கடல் கடந்தும் போகலாம். பிறகு பெற்றவள் வந்து மண்ணில் புரண்டாலும் பிள்ளை கிடைக்காது.

அறக்கட்டளைச் செயலாளருக்கு அதில் சந்தோஷம்தான். "நல்ல எடமா போகட்டும் மேடம். பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போனவங்கள நாம எதுக்குத் தேடணும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை; ஊரே அப்படித்தான் நினைத்தது, நான் உட்பட.

"விட்டுட்டுப் போனாங்கன்னு நமக்கு யாரு சொன்னா சார்?" என்று கேட்டார் மேடம். "நம்ம வேலை பிள்ளைய வெச்சுக்கறதும் இல்ல, தள்ளிவிடறதும் இல்ல. உரியவங்க வர்ற வரைக்கும் காபந்து பண்றது."

எங்கள் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை உண்டு. வேலை மாறும்போது சங்கு ஊதும். அந்தச் சங்குச் சத்தம் கேட்டாலே பாப்பா விளையாட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள். தனியாக ஓட மாட்டாள்; அருகில் எந்தச் சின்னப் பிள்ளை இருக்கிறதோ அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, கூரைக்குக் கீழே சுவரோரம் போய் உட்காருவாள். இரண்டு கையாலும் அந்தப் பிள்ளையின் காதைப் பொத்துவாள். சங்கு நின்ற பிறகும் கையை எடுக்க மாட்டாள்.

பயந்திருக்கிறது என்று எங்களுக்குள் முடிவு செய்துவிட்டோம். எங்கள் பக்கம் பிள்ளை பயந்தால், எந்தச் சாதியாக இருந்தாலும், பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு வருவது வழக்கம். பூங்கொடி என்ற இன்னொரு ஆயாவும் நானும் மேடத்திடம் போய் நின்றோம்.

"மேடம், உங்க ஊருப் பள்ளிவாசல்ல ஒரு வெள்ளிக்கிழமை ஓதிட்டு வந்துட்டா சரியாப் போயிடுங்க" என்றாள் பூங்கொடி.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறவங்க நீங்க எனக்குப் பள்ளிவாசலுக்கு வழி சொல்றீங்களா? ஓதலாம்மா, ஒண்ணும் தப்பில்ல. ஆனா பயந்த பிள்ளைக்கில்ல ஓதணும். இது பயந்திருக்குன்னு யாரு சொன்னா?"

அதற்குப் பிறகு சங்கு ஊதும் நேரமெல்லாம் மேடம் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"நல்லாப் பாரு செல்வி. பயந்த பிள்ளை அழும், இல்ல நம்ம கிட்ட ஓடி வரும். இது அழுவுதா? சங்கு நின்னும் காதுலேருந்து கைய எடுக்கல. வானத்தப் பாக்குது. எதுக்கோ காத்திருக்குது. அது வரலன்னதும் குழம்பிப் போயி, மெதுவா எந்திரிச்சு வருது. சங்குக்கு அப்பறம் என்னம்மா வரும்?"

 எங்கள் ஊரில் சங்குக்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? என் தம்பி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன்.

"வெடிங்க மேடம்" என்றேன். "குவாரியில சங்கு ஊதி, செவப்புக் கொடி காட்டி, எல்லாரும் மறைவா போனப்பறம்தான் வெடி வெப்பாங்க."

"அப்ப இது குவாரிப் பிள்ளை. கூடவே காதப் பொத்திவிட ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்கு." பிறகு, "நாம தமிழ்ப் பேப்பர்ல போட்டோம் செல்வி. அத யாரு பாக்கணுமோ அவங்களுக்குத் தமிழே தெரியாது" என்றார். 

குழுவின் அடுத்த அமர்வில் தத்து அறிவிப்பு வருவதாக இருந்தது. மேடம் அதற்குள் குழுவிடம் போய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேட அனுமதி வாங்கினார். தலைவர் கொஞ்சம் அலுத்துக்கொண்டார் என்றாலும், ஒரு பெண் போலீசையும் கூட அனுப்பினார். அரியலூர், செந்துறை, ஆலத்தியூர்ப் பக்கமெல்லாம் இல்லத்து வேனில் சுற்றினோம். அங்கே குவாரிகளுக்குப் பஞ்சமா? கல் எடுத்து முடித்து, பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளங்கள் ஒரு பக்கம், புதுப் பள்ளங்கள் ஒரு பக்கம். வடக்கே இருந்து வந்தவர்கள் தகரக் கொட்டகை போட்டு இருக்கும் இடமெல்லாம் இறங்கிக் கேட்டோம். பாப்பா என் மடியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெண் போலீஸ் வெயிலில் வெந்து, "வீண் அலைச்சல் மேடம்" என்று முனகினாள். மேடம் அவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். திரும்பலாம் என்று சொல்லவில்லை.

ஒரு சின்னக் குவாரிக்குப் பிரியும் மண் சாலை வந்தது. வேன் அதைத் தாண்டியதும் பாப்பா என் மடியிலிருந்து துள்ளி இறங்கி, கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

கொட்டகை வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், வேனிலிருந்து இறங்கிய பிள்ளையைப் பார்த்ததும், "ஜிலி!" என்று அலறினாள். அதுதான் பெயர். அடுத்த நிமிஷம் பள்ளத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். தலை, முகம், புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. பின்னால் தத்தித் தத்தி ஒரு சின்னப் பையன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதோ ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று பிள்ளையின் கையை விட்டேன்.

ஜிலி போகவில்லை. மேடத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓடி வந்தவள் கெஞ்சினாள், காலருகே உட்கார்ந்தாள். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"பெத்தவகிட்ட ஒரு பிள்ளை போகாதா? எனக்கு என்னமோ சரியாப் படல மேடம்" என்றாள் பெண் போலீஸ்.

"கோவம்மா. பெத்தவகிட்ட மட்டுந்தான் இப்படிக் கோவப்பட முடியும்" என்றார் மேடம். ஆனால் அவர் சொன்னால் போதுமா? அந்தப் பெண்ணிடம் பிள்ளையின் பிறப்புச் சான்று இல்லை, ஆதார் இல்லை. ஒடிசாவில் ஏதோ ஒரு கிராமம் என்றார்கள். நாங்கள் ஜிலியை மறுபடியும் வேனில் ஏற்றிக்கொண்டுதான் திரும்பினோம். அந்தத் தாய் வேனுக்குப் பின்னால் சாலை வரை ஓடி வந்தாள்.

அங்கேயே பல வருஷம் இருந்து தமிழ் பழகிய ஒரு மேஸ்திரி வழியாக நடந்தது தெரிந்தது. கைப்பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் பெரம்பலூர் வந்திருக்கிறாள். கூட்டமான பஸ்ஸில் ஏறும்போது பெண் கீழேயே நின்றுவிட்டது. கத்தியும் யாருக்கும் புரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி வருவதற்குள் பிள்ளையைப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் பிள்ளையை விற்றுவிட்டாய் என்று உன்னையே உள்ளே வைப்பார்கள் என்று ஒப்பந்தக்காரர் பயமுறுத்தியிருக்கிறார். அதனால் வார லீவில் எல்லாம் பேருந்து நிலையத்துக்கு வந்து, பிள்ளை தொலைந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் இல்லத்திலிருந்து கூப்பிடு தூரம் அது.

அதைக் கேட்ட பிறகு மேடம் புது வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்காவது தனியாகக் கிடைத்த பிள்ளை வந்தால், குழுவிடம் சொல்லிவிட்டு, அதே இடத்தில் அதே நேரத்துக்கு ஒரு ஆயாவோடு கொண்டுபோய்ச் சில நாள் உட்கார வைப்பது. நான் ஓய்வு பெறும் வரை அதைச் செய்தேன். அப்படி உட்கார்ந்து சில பிள்ளைகளை உரியவர்களிடம் சேர்த்தும் இருக்கிறோம்.

குழுவின் அமர்வு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் உறுப்பினர்களும். இந்தப் பக்கம் ஓர் ஓரத்தில் கழுவித் துடைத்த முகத்தோடு அந்தத் தாய், பக்கத்தில் மேஸ்திரி. மறு ஓரத்தில் நாங்கள். ஜிலி மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாருங்க மேடம், பேப்பரும் இல்ல, பிள்ளையும் ஒட்ட மாட்டேங்குது. நான் எத நம்பிக் குடுக்கறது? மரபணுச் சோதனைக்கு எழுதலாம். அது வர்ற வரைக்கும் இல்லத்துலயே இருக்கட்டும். அந்தம்மா அது வரைக்கும் இந்த ஊர்ல இருப்பாங்களா, அதுவும் தெரியல."

மேடம், "அவங்க வாயாலயே ஒரு தடவ கேட்டுடுங்க சார்" என்றார்.

தலைவர் தலையசைத்தார். அந்தத் தாய் அவள் பாஷையில் விட்டுவிட்டுச் சொல்ல, மேஸ்திரி தமிழில் சொன்னார்: "பஸ் வந்துச்சு சார். ரொம்பக் கூட்டம். இடுப்புல பையன், கையில பை. பொண்ணுகிட்ட என் முந்தானைய கெட்டியாப் புடிச்சுக்கன்னு சொல்லிச்சு..."

தாய் அடுத்த வார்த்தையைச் சொன்னாள். மேஸ்திரி அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல் வந்தது. நான் பதறித் திரும்பினேன். இத்தனை மாதம் ஒரு சொல் பேசாத அந்தப் பிள்ளை, கையை நீட்டி நீட்டி, மூச்சு விடாமல் அம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். பேச்சு அருவியாகக் கொட்டியது.

"என்னய்யா சொல்லுது?" என்றார் தலைவர்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "பொண்ணு முந்தானைய விட்டுடுச்சுன்னு அம்மா சொல்லிச்சு சார். அதுக்குப் பாப்பா, நீ பொய் சொல்றேங்குது. நான் விடல, நீதான் வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு ஏறினே. தம்பிய ஏத்தினே, பைய ஏத்தினே, என்னை மட்டும் ஏத்தலங்குது."

அந்தத் தாய் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையை ஆட்டி ஆட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

"சோதனைக்கு எழுதணுங்களா சார்?" என்று எப்போதும்போலத் தணிந்த குரலில் கேட்டார் ஹலீமா மேடம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சும்மா இருங்க மேடம்" என்றபடி பேனாவை எடுத்தார்.

தாய் முந்தானையை எடுத்து நீட்டினாள். ஜிலி கிட்டே போய் அதை வெடுக்கென்று பிடுங்கி, தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.